சிபிசிஎஃப் வழக்கு: இறக்கிவிட இடமில்லாமல் ஒரு மாதம் கடலில்

இந்த ஆய்வில் வருகிறவரின் பெயர் வெளியே தெரியாது. அகதிப் பாதுகாப்பு கேட்பவரின் பெயரை நீதிமன்றம் வெளியிடக்கூடாது என்று ஆஸ்திரேலியச் சட்டம் சொல்கிறது. அதனால் தீர்ப்பில் அவர் 'சிபிசிஎஃப்' என்ற நான்கு எழுத்தாக மட்டும் இருக்கிறார். இலங்கைத் தமிழர். 2014 ஜூன் கடைசியில் ஆஸ்திரேலிய அரசுக் கப்பலில் ஏற்றப்பட்ட 157 பேரில் ஒருவர். எல்லை, இறையாண்மை பற்றியெல்லாம் படிக்கிறவர்கள் இந்த வழக்கை ஒருமுறையாவது முழுதாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு நாடு தன் எல்லையை எவ்வளவு தூரம் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகலாம், போன பிறகு எங்கே மாட்டிக்கொள்ளும் என்ற இரண்டு கேள்விக்கும் இதில் விடை கிடைக்கிறது.

பின்னணி

இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. முடிந்த பிறகும் படகுகள் நிற்கவில்லை. சில நேராக இலங்கையிலிருந்து கிளம்பின, சில தமிழ்நாடு, புதுச்சேரிக் கரையிலிருந்து. தமிழ்நாட்டில் 1983 முதல் வந்து சேர்ந்த அகதிகளுக்காக நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருந்தன. 2014 வாக்கில் அவற்றில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். பத்துக்குப் பத்து அறை, மாதாமாதம் உதவித்தொகை, அதிகாரி வந்து பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் நாள், கியூ பிராஞ்ச் என்ற தமிழகக் காவல்துறை உளவுப் பிரிவின் கண்காணிப்பு. முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெரும்பாலான பிள்ளைகளுக்கும் இந்தியக் குடியுரிமை இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்றாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர்தான். அப்படியிருக்கையில் 'ஆஸ்திரேலியா போகலாம்' என்று ஏஜென்ட் வந்து சொன்னால் காது கொடுக்காமல் இருப்பது கஷ்டம்.

அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவில் 2013 செப்டம்பரில் புதிய அரசு பதவியேற்றது. டோனி அபாட் பிரதமர், ஸ்காட் மாரிசன் குடிவரவு அமைச்சர். 'படகை நிறுத்துவோம்' என்பதுதான் அவர்களின் தேர்தல் வாக்குறுதி. பதவியேற்ற அந்த செப்டம்பர் 18ஆம் தேதியே ராணுவத் தலைமையில் ஒரு நடவடிக்கை தொடங்கியது. அதன் பெயரிலேயே இறையாண்மை இருக்கிறது: 'இறையாண்மை எல்லைகள் நடவடிக்கை'. கடலில் நடப்பது எதைப் பற்றியும் பேச மாட்டோம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. நிருபர்கள் கேட்டால், கடலில் நடக்கும் நடவடிக்கை பற்றிக் கருத்து இல்லை என்ற ஒரே பதில்.

அரசின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2010 டிசம்பர் 15 அன்று ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவின் பாறையில் படகு மோதி, கரையில் நின்ற ஊர்க்காரர்கள் பார்க்கப் பார்க்க ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். அந்தச் சில வருடங்களில் கடலில் உயிரிழந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். 'படகே வராவிட்டால் சாவும் இல்லை' என்ற வாதத்தை வெறும் சாக்கு என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் அந்த வாதத்தைச் செயல்படுத்த என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் இந்த வழக்கு.

படகும் இடைமறிப்பும்

ஜூன் நடுவாக்கில் புதுச்சேரியிலிருந்து ஒரு படகு புறப்பட்டது. இந்தியக் கொடிப் படகு. இரண்டு வாரம் கழித்து படகிலிருந்து ஆஸ்திரேலியாவில் உள்ள அகதி ஆதரவாளர்களுக்கு போன் வந்தது: படகில் 153 பேர், அதில் 37 குழந்தைகள், எண்ணெய் கசிகிறது. அதோடு போன் நின்றுபோனது. பல நாள் உலகத்துக்குத் தெரிந்த எண்ணிக்கை 153தான். உண்மையில் 157 என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஜூன் 29 அன்று கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலிய எல்லைக் காவல் கப்பல் படகை மறித்தது. இந்தத் தீவு ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது. பெர்த் நகரம் 2,600 கிலோமீட்டர் தள்ளி. படகின் இயந்திரம் பழுதாகி, அது பயணத்துக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. 157 பேரையும் அரசுக் கப்பலுக்கு மாற்றினார்கள்.

மறித்த இடம்தான் எல்லாவற்றுக்கும் வேர். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ள கடல் அந்த நாட்டின் சொந்தக் கடல். அதற்கு அடுத்து 24 கடல் மைல் வரை, அதாவது சுமார் 44 கிலோமீட்டர் வரை, ஒட்டிய மண்டலம் என்று ஒன்று உண்டு. அங்கே நாட்டுக்கு முழு இறையாண்மை கிடையாது. சுங்கம், வரி, குடிவரவு, சுகாதாரம் ஆகிய நான்கு விஷயத்தில் சட்டமீறலைத் தடுக்கவும் தண்டிக்கவும் தேவையான கட்டுப்பாடு மட்டும் உண்டு. ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு இது. வேடிக்கை என்னவென்றால், அகதிகள் உடன்படிக்கையிலும் 33ஆம் பிரிவுதான் முக்கியமானது: உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பாதே என்கிறது அது. தடுத்து நிறுத்து என்று ஒரு 33, திருப்பி அனுப்பாதே என்று இன்னொரு 33. இரண்டுக்கும் நடுவில் இந்தப் படகு. ஒட்டிய மண்டலத்தில் மறித்துத் திருப்பிவிடலாம் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஏற்றிக்கொண்டு வேறு நாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்பதில் சட்ட அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

முதல் முடிவு: இந்தியாவுக்குக் கொண்டுபோவது

ஜூலை 1 அன்று அமைச்சரவையின் தேசியப் பாதுகாப்புக் குழு கூடி, 157 பேரையும் இந்தியாவுக்குக் கொண்டுபோக முடிவெடுத்தது. கப்பலில் இருந்த கடல் அதிகாரி அதைச் செயல்படுத்தினார். கையில் இருந்த அதிகாரம், 2013ஆம் ஆண்டின் கடல்சார் அதிகாரங்கள் சட்டம், 72ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு. கடலில் பிடித்தவரைத் தடுத்து வைக்கலாம், ஆஸ்திரேலியாவுக்குள்ளோ வெளியேயோ ஓர் இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்கிறது அது. கொண்டுபோகும் இடம் அவருக்குப் பாதுகாப்பானது என்று அதிகாரி திருப்தி அடைய வேண்டும் என்று 74ஆம் பிரிவு ஒரு கடிவாளமும் போடுகிறது.

ஏன் இந்தியா? படகு அங்கிருந்து வந்தது, பலர் அங்கே வாழ்ந்தவர்கள், இலங்கை இல்லை என்பதால் துன்புறுத்தல் கேள்வியும் எழாது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கணக்கு. இடித்தது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இவர்களை இறக்கிக்கொள்வது பற்றி எந்த ஏற்பாடும் இல்லை. விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு கிளம்பியாகிவிட்டது, அந்த வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை.

சிபிசிஎஃப்பிடமும் யாரும் கேட்கவில்லை. எங்கே போக விருப்பம், இந்தியா போனால் என்ன ஆகும், இலங்கையில் என்ன பயம் என்று அவரிடம் விசாரித்து முடிவெடுக்கப்படவில்லை. எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதில் அவருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

கப்பலுக்குள்

உள்ளே இருந்த நிலையைப் பற்றி நமக்குக் கிடைப்பது வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வைத்த கூற்று. ஜன்னல் இல்லாத அறைகள், பூட்டிய கதவு. ஆண்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்தார்கள். ஒரு நாளில் குறைந்தது 21 மணி நேரம் உள்ளேயே, சாப்பாட்டுக்கும் வெளிச்சத்துக்கும் மிச்சம் சில மணி நேரம். இந்தியக் கரையை நெருங்கிய பிறகு, செம்மஞ்சள் நிற உயிர்காப்புப் படகை ஓட்ட மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்து, நீங்களே கரைக்குப் போய்விடுங்கள் என்றார்கள், நாங்கள் மறுத்தோம் என்று பயணிகள் பின்னால் சொன்னார்கள். நடுக்கடலில் கைக்குழந்தையோடு இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னதாக நினைத்துப் பாருங்கள்.

அதே வாரத்தில் இன்னொரு படகு

இதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் நீதிமன்றம் ஏன் அவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பது புரியாது. ஜூன் கடைசியில், இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆஸ்திரேலியாவின் கோகோஸ் தீவுகளுக்கு மேற்கே 41 பேர் இருந்த வேறொரு படகு மறிக்கப்பட்டது. அதில் 37 பேர் சிங்களவர், 4 பேர் தமிழர். கடலிலேயே சுருக்கமாக ஒரு விசாரணை நடத்தி, ஜூலை 6 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இலங்கையின் காலி நகர நீதிமன்றத்தில் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். முந்தைய நவம்பரில்தான் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் போன அபாட், ஆள் கடத்தலைத் தடுக்க இலங்கைக்கு இரண்டு ரோந்துப் படகு தருவதாக அறிவித்திருந்தார்.

அடுத்தது 153 பேர்தானோ என்ற பயம் வந்துவிட்டது. ஜூலை 7 அன்று வழக்கறிஞர்கள் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். (பெயர் உயர் நீதிமன்றம் என்றாலும் நம்மூர் உச்ச நீதிமன்றத்துக்குச் சமம், அதற்கு மேல் முறையீடு கிடையாது.) இலங்கையிடம் ஒப்படைக்கக்கூடாது என்று அன்றே இடைக்காலத் தடை. மறுநாள் அரசு வழக்கறிஞர் எழுந்து, அப்படி ஒப்படைப்பதாக இருந்தால் 72 மணி நேரம் முன்பாக எழுத்தில் அறிவிப்போம் என்று உறுதி கொடுத்தார். அதுவரை இருக்கிறதா இல்லையா என்றே சொல்லப்படாத படகு, நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியது அப்போதுதான். என் கணிப்பில் இந்த முழு விவகாரத்திலும் நீதிமன்றத்தால் நடைமுறையில் கிடைத்த பெரிய பலன் இந்த இரண்டு நாளில் கிடைத்ததுதான்.

இந்தியக் கரைக்கு அருகே காத்திருப்பு

ஜூலை 10 வாக்கில் கப்பல் இந்தியாவுக்கு அருகே வந்துவிட்டது. பிறகு? நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் என்று பத்து நாளுக்கு மேல். கரை பக்கத்தில், ஆனால் அந்தக் கரையில் கால் வைக்க இன்னொரு அரசு தலையாட்ட வேண்டும். இறையாண்மையின் பெயரால் தொடங்கிய பயணம் வேறொரு நாட்டின் இறையாண்மையின் வாசலில் வந்து நின்றுபோனது. சர்வதேச உறவுகள் வகுப்பில் பத்து மணி நேரம் நடத்தினாலும் இவ்வளவு தெளிவாகப் புரியவைக்க முடியாது.

மாரிசன் டெல்லிக்கே பறந்தார். வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் ஆகியோரைச் சந்தித்தார். இந்தியா சொன்னது இவ்வளவுதான்: இந்தியக் குடிமக்கள் இருந்தால் எடுத்துக்கொள்வோம், இங்கே வசித்தவர்கள் என்றால் பரிசீலிப்போம், யார் யார் என்று முதலில் எங்கள் தூதரக அதிகாரிகள் பார்க்கட்டும். அதைக் கப்பலில் வைத்துச் செய்ய முடியாது.

ஜூலை 23 அன்று அமைச்சர் முடிவை மாற்றினார். நியாயமான காலத்துக்குள் இந்தியாவில் இறக்குவது நடைமுறை சாத்தியமில்லை, கோகோஸ் தீவுகளுக்குக் கொண்டுவாருங்கள். ஜூலை 27 அன்று 157 பேரும் ஆஸ்திரேலிய மண்ணில் இறங்கினார்கள். இடைமறித்த நாளிலிருந்து எண்ணினால் 28 நாள்.

கர்ட்டினிலிருந்து நவுருவுக்கு

கோகோஸிலிருந்து விமானத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் தடுப்பு மையம். அங்கே இந்தியத் தூதரக அதிகாரிகள் சந்திப்பதாக ஏற்பாடு. உள்ளே இருந்தவர்கள் சந்திக்க மறுத்தார்கள். அமைச்சர் இதைக் கையில் வந்த வாய்ப்பைத் தூக்கி எறிந்ததாகச் சொன்னார். எனக்கு மறுப்பு புரிகிறது. ஒரு மாதம் பூட்டி வைத்துவிட்டு, எங்கிருந்து கிளம்பினார்களோ அந்த நாட்டு அதிகாரியைக் கொண்டுவந்து நிறுத்தினால் யார் வாய் திறப்பார்கள்? ஆனாலும் அந்த மறுப்பு அவர்களுக்கு உதவவில்லை என்பதும் உண்மை. ஆகஸ்ட் தொடக்கத்தில் இரவோடு இரவாக, வழக்கறிஞர்களுக்கு முன்கூட்டித் தகவல் இல்லாமல், குழந்தைகள் உட்பட எல்லோரும் நவுருவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

நவுரு 21 சதுர கிலோமீட்டர் தீவு, தனி நாடு. பாஸ்பேட் தோண்டித் தீர்ந்துபோன நிலம். ஆஸ்திரேலியா தரும் பணத்துக்காகத் தன் மண்ணைத் தடுப்பு முகாமாகத் தந்தது. இந்தியா 'பரிசீலிப்போம்' என்று சொல்லிக் கப்பலை நிறுத்திவைக்க முடிந்தது. நவுருவால் அப்படிச் சொல்ல முடியாது. காகிதத்தில் இரண்டும் சம இறையாண்மை உள்ள நாடுகள்.

தீர்ப்பு

அந்த ஒரு மாதத் தடுப்பு சட்டவிரோதம், இழப்பீடு வேண்டும் என்பது சிபிசிஎஃப்பின் வழக்கு. அக்டோபரில் விசாரணை. 2015 ஜனவரி 28 அன்று தீர்ப்பு, நான்குக்கு மூன்று. அரசு வென்றது.

தலைமை நீதிபதி பிரெஞ்ச், கிரெனன், கேகெலர், கீன் ஆகிய நால்வரின் பார்வை: சட்டம் 'ஆஸ்திரேலியாவுக்கு வெளியே ஓர் இடம்' என்று சொல்கிறது, அங்கே முன்கூட்டி அனுமதி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அமைச்சரவை சொன்னதை அதிகாரி செய்ததில் தவறில்லை. பிடிபட்டவரிடம் கருத்துக் கேட்க வேண்டிய கடமையும் இல்லை. சர்வதேச உடன்படிக்கை ஒன்றைச் சொல்லி, உள்நாட்டுச் சட்டம் தெளிவாக வேறொன்றைச் சொன்னால், உள்நாட்டு நீதிமன்றத்தில் நிற்பது உள்நாட்டுச் சட்டம்.

ஹெய்ன், பெல், கீஃபெல் மூவரும் ஒப்பவில்லை. ஓர் இடத்துக்குக் 'கொண்டுபோவது' என்றால் அங்கே இறக்க முடிய வேண்டும். இறக்க உரிமையோ அனுமதியோ இல்லாத இடத்தை நோக்கிக் கப்பலைத் திருப்புவது அந்தச் சொல்லுக்குள் அடங்காது. கிளம்பும்போதே அது தெரியாதென்றால், அது கடலில் தடுத்து வைப்பது மட்டுமே. சட்டநூல் தெரியாதவருக்கும் புரிகிற வாதம். என்னைக் கேட்டால் மூவர் பக்கம்தான் வலு.

ஐரோப்பாவில் இதே மாதிரியான நிலைமைக்கு வேறு விடை கிடைத்தது. சோமாலியர், எரித்ரியர் 24 பேர் தொடுத்த ஹிர்ஸி ஜமா வழக்கில், இத்தாலியக் கப்பலில் ஏற்றிய நொடியே அவர்கள் இத்தாலியின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டார்கள், லிபியாவுக்குத் திருப்பியது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1993இல் ஹைட்டி அகதிகள் விஷயத்தில், திருப்பி அனுப்பக்கூடாது என்ற பாதுகாப்பு நடுக்கடலில் பொருந்தாது என்று எட்டுக்கு ஒன்று என்று சொல்லியிருந்தது. கடல் ஒன்றுதான், எந்த நீதிமன்றத்தின் வரம்பு என்பதைப் பொறுத்து மனிதரின் உரிமை மாறுகிறது.

தீர்ப்புக்கு முன்பே நடந்த திருத்தம்

2014 டிசம்பரில், வழக்கு இன்னும் தீர்ப்புக்காகக் காத்திருக்கையிலேயே, ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் கடல்சார் அதிகாரச் சட்டத்தைத் திருத்தியது. கொண்டுபோகும் நாட்டுடன் ஒப்பந்தம் இருக்க வேண்டியதில்லை, சர்வதேசக் கடமையைக் கணக்கில் எடுக்காததால் முடிவு செல்லாமல் போகாது, இயற்கை நீதி, அதாவது பாதிக்கப்படுகிறவர் தரப்பைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்ற விதி, பொருந்தாது என்று எழுதினார்கள். மூன்று நீதிபதிகள் எழுப்பப்போகும் கேள்வி எதுவோ அதற்கெல்லாம் முன்கூட்டியே கதவைச் சாத்தினாற்போல் இருந்தது. ஆகவே வருங்காலப் படகுகளைப் பொறுத்தவரை நான்குக்கு மூன்று என்ற அந்த நெருக்கமான எண்ணிக்கைக்கு நடைமுறை மதிப்பு குறைவு.

மறுபடி நடந்தால் மாற வேண்டியவை

ஆஸ்திரேலியப் பக்கத்தில் ஜூலை 1 கூட்டத்துக்கு முன் டெல்லிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால் 22 நாள் மிச்சமாகியிருக்கும். இந்தியா மறுத்திருந்தால் கோகோஸ் தீவு முதல் வாரத்திலேயே வந்திருக்கும். ரகசியம் காக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் கேட்க வேண்டியவரிடம் கேட்கவிடாமல் செய்தது என்று தோன்றுகிறது. கடலில் ஒருவரைத் தடுத்து வைத்தால் குறிப்பிட்ட நாளுக்குள் தனித்தனியாக விசாரிக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞருடன் பேச ஒரு தொலைபேசியும் தர வேண்டும் என்ற விதி இருந்திருந்தால், 41 பேர் விஷயத்திலும் இதே அளவுக்குக் கேள்வி எழுந்திருக்கும்.

இந்தியப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கல். 'இங்கே வசித்தவர்களைப் பரிசீலிப்போம்' என்று சொல்ல முடிந்ததே தவிர, முப்பது வருடம் முகாமில் வாழ்ந்தவருக்குத் திரும்பி வர என்ன உரிமை என்று காட்ட ஒரு சட்டம் இல்லை. முகாம் அடையாள அட்டை உள்ளே இருக்கும்வரைதான் செல்லும், கடலில் இறங்கியதும் அது வெறும் அட்டை.

வழக்கறிஞர்கள், உதவி செய்கிறவர்கள் பக்கம் ஒன்று உண்டு. படகிலிருந்து போன் வந்தபோது கிடைத்தது எண்ணிக்கை மட்டும், அதுவும் நான்கு பேர் குறைவாக. அடுத்து இப்படி அழைப்பு வந்தால் முதல் ஒரு நிமிடத்தில் கேட்க வேண்டியது ஒரு முழுப் பெயரும், அவர் சார்பில் வழக்குத் தொடுக்கலாம் என்ற ஒரு சம்மதமும். எண்ணெய் கசிவு பற்றிய விவரமெல்லாம் அதற்கு அப்புறம்.